தாது வருடத்தின் எண்கள்

தாது வருடப் பஞ்சம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கும்மிப் பாடல்களும் வழிவழியாகக் கேட்ட கதைகளுமே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த அப்பஞ்சத்துக்குச் சுகாதாரத்துறையின் ஏடுகளிலும் ஒரு சாட்சியம் உண்டு. எண்கள் உயிரற்றவை என்று எண்ணும் இலக்கிய வாசகர்களாகிய நாம் அதை அதிகம் கவனித்ததில்லை.

மாகாணச் சுகாதார ஆணையராக இருந்தவர் மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். இம்மாகாண மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவளவையும் பற்றி 1863இல் அறிக்கை தொகுத்தவர். 1871ஆம் ஆண்டின் குடிமதிப்பு அறிக்கையை எழுதியவரும் அவரே. 1877 ஜனவரியில் வைசிராயின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். மண் சுமக்கும் உடல் அவ்வளவில் தாங்காது என்று கார்னிஷ் மறுத்தார். முகாம்களில் மெலிந்தோரையும் மாண்டோரையும் கணக்கெடுத்துக் காட்டினார். சில மாதங்களில் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் மடிந்தவர்களுக்கு அது பயன்படவில்லை.

கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளோ, மிகவும் தேவைப்பட்ட காலத்தில்தான் பொய்த்தன. ஊரைவிட்டுப் போய் வழியில் விழுந்தவனின் சாவை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர் வாழ்ந்த சேலம் மாவட்டத்தில், 1881இல் எண்ணப்பட்டோர் சுமார் 16 லட்சம்தான். எழுதப்படாத சாவுகள் பத்தாண்டு கழித்து ஒரு பள்ளமாகத் தென்பட்டன.

எண்ணினால் மட்டும் போதாது, நோய் வருமுன்பே தடுக்கவும் வேண்டும் என்ற எண்ணம் பின்னர் மெல்ல வேரூன்றியது. 1899இல் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையம் தோன்றியது. 1939இல் சென்னை மாகாணம், நாட்டிலேயே முதலாவதாக, பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. 1990களில் தமிழ்நாடு, பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே விசாரிக்கத் தொடங்கியது. வண்டி வரத் தாமதமா, இரத்தம் கிடைக்கவில்லையா என்று கேட்கும்போது, எண் மீண்டும் ஒரு பெண்ணாகிறது. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2001–03இல் ஒரு லட்சம் பேறுகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆகக் குறைந்தது.

ஆயினும் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று கார்னிஷ் எழுப்பிய கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. பாடல்களைப் படிக்கும் அதே கவனத்தோடு இந்த அட்டவணைகளையும் நாம் படிக்கத்தான் வேண்டும்.