முதலெறிகையின் நேர்மை: பகடையும் குடவோலையும்

அறிவினாலும் வாதத்தினாலும் தீர்க்கவியலாத பங்கீடுகளைப் பகடையிடமோ சீட்டிடமோ ஒப்படைத்தல் மனிதகுலத்தின் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்றாகும். எவரும் சாராத ஒன்று தீர்ப்பளிக்கையில் பகையும் பக்கச்சார்பும் ஒழியும் என்பதே இவ்வழக்கின் அடிப்படை. ஆயினும், எறிகை தோன்றிய இடமெங்கும் அதனைத் திரிக்கும் சூழ்ச்சியும் உடன் தோன்றியமையை வரலாறு காட்டுகின்றது. அவற்றுள்ளும், ஒருவரது தொடக்கநிலையை வகுக்கும் முதலெறிகையிலே நிகழும் திரிபு தனித்து நோக்கத்தக்கது.

இச்சிக்கலை நம் காலத்தில் தெளிவாகக் காட்டுவன பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளாகும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஏற்கும் பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலான ஆறு பண்புகளும், மூன்று அறுமுகப் பகடைகளை எறிந்து பெறும் கூட்டுத்தொகையால் வகுக்கப்பட்டன. உயர்ந்த எண்ணான 18 கிடைக்கும் வாய்ப்பு 216இல் ஒன்றே. தாழ்ந்த எண்களைப் பெற்றவர் அந்நலிந்த பாத்திரத்துடனேயே நெடுநாள் ஆடவேண்டும். எனவே, எவரும் காணாதபோது மீண்டும் எறிதல், 8ஐ 14 என எழுதிக்கொள்ளல் ஆகிய திரிபுகள் எளிதில் நேர்வன. முதல் நூல் இவ்வெறிகையை ஆடுவோரிடம் விடாது நடுவரிடமே ஒப்படைத்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

பின்னர் விதிகள் மாறின. 1979இல் வெளிவந்த நடுவர் கைந்நூல், நான்கு பகடைகளை எறிந்து மிகச்சிறிய எண்ணைக் கழித்துவிடும் முறையையும் வழங்கியது. இதனால் சராசரி 10.5இலிருந்து ஏறத்தாழ 12.2ஆக உயர்ந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்போ, எறிகையே இன்றி அனைவரும் 27 புள்ளிகளைச் சமமாகப் பெற்றுப் பகிர்ந்துகொள்ளும் வழியையும் அனுமதித்தது. ஒருவர் தமக்கென இரகசியமாகத் தேடிக்கொள்ளும் சலுகை திரிபு. அதே சலுகையை எறியுமுன்னரே அனைவரும் அறிய அனைவர்க்கும் பொதுவாக்கினால் அது விதி. இவ்வேறுபாடே இவ்வாராய்ச்சியின் மையமாகும்.

விளையாட்டு புதிதாயினும் வினா பழையது. நமது பிரதேசத்தில் அதற்கு ஆண்டுதோறும் நினைவூட்டலும் உண்டு. கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் ஆலய உற்சவத்தில் பாண்டவர் வனவாசம் செல்லும் நிகழ்வு நடத்தப்பெறுவதைப் பல ஊர் மக்களும் அறிவர். அவ்வனவாசத்திற்குக் காரணம் சூது. தந்தையின் எலும்பினாற் செய்த பகடையைச் சகுனி உருட்டினான் என்பது நாட்டார் வழக்கு. ஆனால், பாரதக் கதையை ஊன்றி நோக்கின் திரிபு பகடைக்கும் முந்தியது என்பது புலனாகும். பந்தயப் பொருள் துரியோதனனுடையது. எறியும் கை சகுனியினுடையது. ஒருவருக்காக மற்றொருவர் ஆடுதல் முறையன்று எனத் தருமன் கூறியும் ஆட்டம் தொடங்கிற்று. முறைகெட்ட விதியை ஏற்றபின் எறிகையின் நேர்மையைப் பேசிப் பயனில்லை.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இதற்கு அரசின் வழியே பரிகாரம் தேடியது. சூதாட்ட அதிகாரியே தூய பகடைகளை வழங்கல் வேண்டும். வேறு பகடையை மாற்றி வைப்போருக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். பொய்யாட்டம் ஆடுவோர் மேலும் தண்டிக்கப்படுவதுடன் வென்ற பொருளையும் இழப்பர் என அது விதித்தது. இஃது அச்சத்தால் நேர்மையைக் காக்கும் வழி எனலாம்.

சோழர்காலத் தமிழகமோ காட்சியால் நேர்மையைக் காக்க முனைந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயரெழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டன. சபையார் அனைவரும் காணுமாறு குடம் உயர்த்திக் காட்டப்பட்டது. உள்ளிருப்பதை அறியாத சிறுவனொருவன் ஓலையை எடுத்தான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். பின்னர் அவையிலிருந்த நம்பிமாரும் வாசித்தனர். இரண்டாண்டு இடைவெளியில் விதிகள் திருத்தப்பட்டமையும், முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டமையும், முறைகேடு குறித்த அச்சம் சபையாரிடம் இருந்தமையைப் புலப்படுத்துகின்றன.

எனினும் குடவோலையைப் புகழ்வதோடு நிறுத்துதல் வரலாற்று நோக்காகாது. வரிசெலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையும், வேதக்கல்வியும் உடையோரின் பெயர்களே பொதுவாகக் குடத்துட் புகுந்தன. உழுதவனின் பெயர் அதிலில்லை. பெண்ணின் பெயரும் இல்லை. சிறுவனின் கை தூயது; குடமோ முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டது. விரலால் நிகழும் திரிபை ஐந்து விரலை விரித்துத் தடுக்கலாம். விதியினுள்ளே உறையும் திரிபை அவ்வாறு தடுத்தல் இயலாது.

எமது கரையோர முஸ்லிம் ஊர்களின் பண்பாட்டு மரபும் இங்கு ஒளி தருகின்றது. அல்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் சூதாட்டத்தை விலக்குகின்றது. அதேவேளை, நபியவர்கள் பயணம் புறப்படுகையில் உடன்செல்லும் மனைவியைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தமையை ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. சூது ஒருவரது பொருளை மற்றவருக்கு ஆக்குவது. சீட்டோ சம உரிமையுடையோரிடையே முறையை வகுப்பது. பெண்கள் கூடிக் கட்டும் சீட்டிலே பெயர் எழுதிய தாள்களைக் குலுக்கிச் சிறுபிள்ளையைக் கொண்டு எடுப்பிக்கும் வழக்கம், உத்தரமேரூர்ச் சிறுவனையே நினைவூட்டுகின்றது. 2018, 2025 ஆகிய ஆண்டுகளிலே இலங்கையின் சில உள்ளூராட்சி மன்றங்களில் வாக்குகள் சமமாகியபோது தவிசாளர்கள் திருவுளச்சீட்டினாலே தெரிவுசெய்யப்பட்டனர். ஒருவரின் உள்ளமும் தலையிடாமையே 'திருவுளம்' என்னும் சொல்லால் உணர்த்தப்படுகின்றது போலும்.

இவ்வாறு நோக்குமிடத்து, பாத்திரத்தை வகுக்கும் முதலெறிகை சூதன்று, சீட்டின் இனத்தது என்பது பெறப்படும். அதனைத் திரிப்பவர் எவரது பொருளையும் கவர்வதில்லை. ஆயினும் தம்முடன் சமமாக அமர்ந்தோரின் சமத்துவத்தைக் கவர்கின்றார். நலிந்த எண்ணைப் பெற்றவரின் மனக்குறையும் பொய்யன்று. அதற்கு மருந்து மறைவில் மீண்டும் எறிதலன்று. எறியுமுன் ஒன்றுகூடி, எத்துணை இரக்கம் வேண்டுமென்று வெளிப்படையாக விதி செய்தலே. கை நேர்மையானதா என வினவுமுன், குடத்துள் யாவர் பெயரும் உளதா என வினவுதல் வேண்டும்.