துப்பாக்கிச் சட்டமும் ஹாலிவுட் குரலும்: யாருக்காகப் பேசினார்கள்?

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும் ஒவ்வொரு முறையும் நடிகர்களும் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் "துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும்" என்று பேசுகிறார்கள். மறுநாளே "நடிக்க வந்தவர்களுக்கு அரசியல் எதற்கு?" என்ற குரலும் எழுந்துவிடுகிறது. பிரபலங்கள் இந்த விஷயத்தில் பேசலாமா, கூடாதா என்பது அங்கே தீராத விவாதம்.

வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கேள்வியே போதாது என்று தெரிகிறது. பிரபலங்கள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், இரண்டு பக்கத்திலும். நாம் கேட்க வேண்டியது வேறு: யாருடைய உயிர் போனபோது பேசினார்கள்? யாரோடு நின்று பேசினார்கள்? கைதட்டல் ஓய்ந்த பிறகும் நின்றார்களா?

துப்பாக்கிக்கும் நிறம் உண்டு

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களின் கதை ஹாலிவுட்டுக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வெள்ளையருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1873ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கூட்டமாகக் கொன்றது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் தப்பவிட்டது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை மத்திய அரசு பறிக்கக் கூடாது என்பதுதான் அரசியல் சாசனம், தனிமனிதர்கள் பறித்தால் அது பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. வெடிகுண்டுக்குத் தப்பிய மனிதருக்கே தகுதி இல்லை என்றால், தகுதி என்பதன் பொருள் என்ன என்பது நமக்குப் புரியும்.

ரீகன் கையெழுத்திட்ட சட்டம்

1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். கையில் துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாக, போலீஸ் வண்டியின் பின்னாலேயே போய், கறுப்பின மக்களைப் போலீஸ் எப்படி நடத்துகிறது என்று கண்காணித்தார்கள். அப்போது குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்வது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றமில்லை. அதைத் தடுக்கவே டான் மல்ஃபோர்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 1967 மே 2 அன்று சுமார் 30 பேர் ஆயுதங்களோடு சேக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அப்போது மாநில ஆளுநர் ரொனால்ட் ரீகன். சில மாதங்களுக்கு முன்புதான் பதவியேற்றிருந்த ஹாலிவுட் நடிகர். சாதாரணக் குடிமகன் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் நடக்க எந்தக் காரணமும் இல்லை என்று அன்று சொன்ன அவர், ஜூலையில் மல்ஃபோர்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்று எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும் தேசிய ரைஃபிள் சங்கமும் அன்று அந்தச் சட்டத்தை ஆதரித்தது. அதே ரீகன் 1986இல், குடியரசுத் தலைவராக, துப்பாக்கிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மனிதர் ஒருவர்தான். எதிரே துப்பாக்கி பிடித்திருந்த கை மட்டும் வேறு.

ஹெஸ்டனின் இரண்டு மேடைகள்

1963இல் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி அஞ்சலில் வாங்கப்பட்டது. அஞ்சல்வழி விற்பனையைத் தடுக்கும் மசோதா அதன்பிறகும் 5 ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி. அந்த ஜூன் மாதத்தில்தான் சார்ல்டன் ஹெஸ்டன், கிரகரி பெக், கிர்க் டக்ளஸ், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹியூ ஓ'பிரையன் ஆகிய 5 நடிகர்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஆதரித்துக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். திரையில் துப்பாக்கி தூக்கிய நாயகர்களே கேட்டதால் அதற்குத் தனி எடை இருந்தது. அக்டோபரில் சட்டம் வந்தது. ஆனால் துப்பாக்கிகளைப் பதிவு செய்வது, வைத்திருப்போருக்கு உரிமம் கட்டாயமாக்குவது ஆகிய இரண்டும் அதில் இடம்பெறவில்லை. கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜான்சனே அந்தக் குறையைச் சொன்னார்.

ஹெஸ்டன் சாதாரண ஆள் இல்லை. 1963 வாஷிங்டன் பேரணியில் கிங்கோடு கலந்துகொண்டவர். அதே ஹெஸ்டன் 1998 முதல் 2003 வரை தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பக்கத்து நகரமான டென்வரில் சங்கத்தின் மாநாட்டில் பேசினார். 2000ஆம் ஆண்டு மேடையில் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து, என் பிணத்தின் கையிலிருந்துதான் இதைப் பிடுங்க முடியும் என்ற பொருளில் முழங்கினார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பிரபலத்தின் குரல் அவருடைய சொந்தச் சொத்து. இன்று நமக்குத் தருவார், நாளை எடுத்து எதிர்த்தரப்புக்குக் கொடுப்பார். அவரைக் கேள்வி கேட்கும் அமைப்பு எதற்கும் அவர் கட்டுப்பட்டவர் இல்லை. அந்தக் குரலை அஸ்திவாரமாக வைத்துக் கட்டும் இயக்கம் நிற்காது.

பெலஃபாண்டே கேட்ட கேள்வி

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நட்சத்திரங்கள் பலர் சேர்ந்து நடவடிக்கை கோரி வீடியோ வெளியிட்டார்கள். அதே நடிகர்கள் படங்களில் சுட்டுத்தள்ளும் காட்சிகளை வெட்டி ஒட்டி எதிர்த்தரப்பு பதில் வீடியோ போட்டது. 2013 ஏப்ரலில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் 54 வாக்குகள் பெற்றும் தோற்றது. 60 தேவைப்பட்டது. உலகமே அறிந்த முகங்கள் அத்தனை இருந்தும் 6 வாக்குகளை அவர்களால் கொண்டுவர முடியவில்லை.

அந்த விவாதத்தின் நடுவே, 2013 பிப்ரவரியில், பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபாண்டே ஒரு விருது மேடையில் பேசினார். தெருக்களில் ஓடும் ரத்தத்தில் பெரும்பகுதி நம் கறுப்பினப் பிள்ளைகளுடையது, ஆனால் இந்த விவாதத்தில் கறுப்பினத்தாரின் குரல் எங்கே, நம் கலைஞர்கள் எங்கே என்று கேட்டார். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 14 சதவீதம். துப்பாக்கியால் கொலை செய்யப்படுவோரில் பாதிக்கும் மேல் அவர்கள். பள்ளியில் நடந்தால் நாடு அழுகிறது, சேரித் தெருவில் தினமும் நடந்தால் அது வெறும் புள்ளிவிவரம்.

இதைக் கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. 1964இல் மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்காக உழைத்த இளைஞர்களிடம் பணம் தீர்ந்தபோது, அவரும் சிட்னி பாய்ட்டியேவும் 70,000 டாலரைப் பையில் எடுத்துக்கொண்டு நேரில் போனார்கள். க்ளான் கும்பல் காரில் துரத்தியது. இயக்கத்துக்கு என்ன தேவை என்று கேட்டு, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

மாணவர்கள் மாற்றிய வரிசை

2018 பிப்ரவரியில் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, உயிர்பிழைத்த மாணவர்கள் வாஷிங்டனில் பேரணி நடத்தினார்கள். ஜார்ஜ் - அமல் க்ளூனி, ஓப்ரா வின்ஃப்ரே போன்றவர்கள் தலா 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். மேடையில் பாடகர்கள் பாடினார்கள், உரை நிகழ்த்தியவர்கள் பிள்ளைகள். செய்தியாகாமலே சாகும் கறுப்பினப் பெண்களுக்காக 11 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி பேசினாள். பிரபலம் பணம் கட்டலாம், கூட்டம் சேர்க்கலாம், பாதிக்கப்பட்டவர் பேசட்டும் என்ற வரிசை அன்று நடைமுறையானது.

அதே வாரம் எதிர்மாறான ஒன்றும் நடந்தது. ராப் பாடகர் கில்லர் மைக், கறுப்பின மக்களுக்குத் தற்காப்புக்குத் துப்பாக்கி தேவை என்று வாதிடுபவர். வரலாறு தெரிந்தவர்கள் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அதை அவர் தேசிய ரைஃபிள் சங்கத்தின் சேனலில் சொன்னார். மாணவர் பேரணியை இழிவுபடுத்த அந்தப் பேட்டியைச் சங்கம் பயன்படுத்திக்கொண்டது. அவர் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எந்த மேடையில் நின்று பேசுகிறோம் என்பதும் பேச்சின் பகுதிதான்.

2022 மே மாதம் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். அன்று கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஆட்டத்தைப் பற்றிப் பேச மறுத்து, மசோதாவை முடக்கிய செனட்டர்களைச் சாடினார். 10 நாள் முன்பு பஃபலோ நகரக் கடையில் கொல்லப்பட்ட கறுப்பின முதியவர்களையும் சேர்த்தே பேசினார். அவருடைய தந்தை 1984இல் பெய்ரூட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர். யுவால்டியில் பிறந்த நடிகர் மேத்யூ மெக்கானஹே, இறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்விட்டு வந்து வெள்ளை மாளிகையில் அவர்களின் கதைகளைச் சொன்னார். ஜூனில், ஏறத்தாழ 30 ஆண்டுகளில் முதல் பெரிய துப்பாக்கிச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னால் இழந்த குடும்பங்களின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. நட்சத்திரங்கள் கடைசிக் கட்டத்தில் கைகொடுத்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை ஓக்லாந்தில் இருந்துதான் எடுத்தார்கள். துப்பாக்கி யார் கையில் என்ற கேள்வியும் நமக்குப் புதிதல்ல. 1997 டிசம்பரில் பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா 58 தலித் மக்களைக் கொன்றது. வழக்கில் தண்டனை பெற்ற 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 3ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களைத் தேவைப்பட்டால் ரத்து செய்யலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தேவைப்பட்டால் உரிமம் வழங்கலாம். ஆயுதக் கட்டுப்பாடு என்பது அதிகாரக் கட்டுப்பாடு என்று புரிந்துகொண்டு எழுதிய விதி அது. அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் கிங்கின் விண்ணப்பத்துக்கு வேறு பதில் கிடைத்திருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் அந்த விதி எத்தனை முறை பயன்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

எந்த நடிகர் நமக்காகப் பேசவில்லை என்று பதிவு போடுவதில் நாம் செலவிடும் நேரம் அதிகம். பேசினால் வரவேற்போம். பேச வருபவரிடம் பெலஃபாண்டேயின் கதையைச் சொல்வோம்: முதலில் ஊருக்கு வாருங்கள், என்ன தேவை என்று கேளுங்கள், மைக்கைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும், அந்த 6 வாக்குகளைத் திரட்டும் வேலை நம்முடையது.

ஜெய்பீம்.