யாரும் மனு போடாத தேர்தல்

2019 மார்ச் மாதம் டெபியன் திட்டத்தின் தலைவர் தேர்தலுக்கு மனு போடும் கெடு முடிந்தது. ஒரு மனுகூட வரவில்லை.

டெபியன் என்பது லினக்ஸ் வகையைச் சேர்ந்த கட்டற்ற இயங்குதளம். 1993இல் இயான் மர்டாக் தொடங்கி வைத்தது. நம் கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் பலரும் பார்த்திருக்கும் உபுண்டு, டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவானதுதான். உலகம் முழுக்கச் சுமார் ஆயிரம் உறுப்பினர்கள் தன்னார்வத்தில் இதைப் பராமரிக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாருமே மனு போடாவிட்டால் என்ன செய்வது என்பதும் அவர்களுடைய விதிகளில் இருக்கிறது: கெடுவை ஒரு வாரம் நீட்டிக்க வேண்டும். அந்த ஆண்டு அப்படியே நீட்டித்தார்கள். அந்த ஒரு வாரத்தில் பலர் முன்வந்தார்கள். சாம் ஹார்ட்மேன் வென்றார்.

மதுரை மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்தச் செய்தியைப் படித்தால் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நினைவுக்கு வரும். அங்கும் மனு போட ஆளில்லாத தேர்தல்கள் நடந்தன. அந்த நிலை அங்கே பத்து ஆண்டுகள் நீடித்தது.

அந்த வரலாறு நம் தலைமுறையில் பலருக்குப் பெயரளவில்தான் தெரியும். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கட்டாயமானது. தமிழ்நாட்டில் 1994இல் ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்க சாதியினர் ஏற்க மறுத்தார்கள்.

அவர்கள் கையாண்ட வழி இரண்டு. ஒன்று, யாரையும் மனு போட விடாமல் தடுப்பது. கூலி வேலை, வயல், கடை, நடக்கிற பாதை என எல்லாமே அடுத்தவர் கையில் இருக்கும் ஊரில் இதற்கு அரிவாள் தேவைப்படாது. வேலைக்கு வராதே என்ற ஒரு சொல் போதும். இரண்டாவது வழி, தாங்கள் சொல்வதைக் கேட்கும் ஒருவரை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா செய்ய வைப்பது. அரசு அறிவிக்கும், தேர்தல் அதிகாரி வருவார், மேசை போடுவார்கள், பதவி மறுபடி காலியாகும். 2006 வரை திரும்பத் திரும்ப இதுதான் நடந்தது.

மனு போட்டே தீருவது என்று நின்ற ஊர் மேலூர் வட்டத்து மேலவளவு. 1996 அக்டோபரில் மிரட்டலால் தலித் வேட்பாளர்கள் மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள். டிசம்பர் 28 அன்று நடந்த வாக்குப்பதிவு வன்முறையால் நின்றது. டிசம்பர் 31 அன்று போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஆறே மாதம். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது வண்டியை மறித்து அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவித்தது.

இந்த இரண்டு கதையிலும் வாக்குரிமையை யாரும் சட்டப்படி பறிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் தலித்துகளின் பெயர் இருந்தது. பறிக்கப்பட்டது நிற்கும் உரிமை.

அம்பேத்கருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. 1932 பூனா ஒப்பந்தம் தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்களைத் தந்தது, தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டது. அதற்கு ஈடாக வந்த ஏற்பாட்டின்படி, தலித் வாக்காளர்கள் மட்டும் முதலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி வார்த்தை பெரும்பான்மைச் சாதி இந்துக்களுடையது. இடம் நமக்கு, அதில் யார் உட்காருவது என்ற முடிவு அவர்களுக்கு. பாப்பாபட்டியின் பொம்மைத் தலைவர்கள் இந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைகள்.

இப்போது டெபியனுக்குத் திரும்புவோம். அங்கே உறுப்பினராக இருக்கும் எவரும் தன் பெயரைத் தானே முன்மொழியலாம். ஒரு மின்னஞ்சல் போதும். மூன்று வாரம் பிரச்சாரம், யாரும் எந்தக் கேள்வியும் கேட்கலாம். இரண்டு வாரம் வாக்குப்பதிவு. வாக்காளர் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார். இவர்களில் யாரும் வேண்டாம் என்ற தேர்வும் சீட்டில் உண்டு. அரிவாள் கிடையாது, ஊர்க்கட்டுப்பாடு கிடையாது. 2019இல் மனு போட ஆள் வராததற்குக் காரணம் பயமல்ல. சொந்த வேலையை விட்டுவிட்டு ஓராண்டு இந்தச் சுமையைத் தூக்க வேண்டும் என்பதே பெரிய தயக்கம்.

அப்படியென்றால் அங்கே எல்லோரும் சமமாக நிற்க முடிகிறதா? கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன் 2020, 2021, 2024, 2025 என நான்கு முறை அந்தத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். நான்கு முறையும் வெற்றி வேறொருவருக்குப் போனது. 2020இல் அவர் நின்றபோதே, திட்டத்தில் பன்மைத்தன்மை பற்றிய பேச்சை முன்னுக்குக் கொண்டுவருவது தன் நோக்கங்களில் ஒன்று என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த 2025 தேர்தல் வரை ஒரு பெண்கூட அந்தப் பதவிக்கு வந்ததில்லை. ஆனால் டெபியனின் உலக மாநாடு 2023இல் முதன்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தபோது, அதை நடத்திய குழுவில் அவர் இருந்தார். தோற்றவர் மறுநாள் அதே இடத்தில் தலைநிமிர்ந்து வேலை பார்க்க முடிகிறது, அடுத்த முறையும் நிற்க முடிகிறது. முருகேசனுக்கு ஜெயித்த பிறகும் கிடைக்காதது இது.

இருந்தாலும் தன்னார்வம் என்ற சொல்லை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். வேலை முடிந்து மாலையில் சம்பளமில்லாமல் நிரல் எழுத ஒருவருக்கு வீட்டில் கணினி வேண்டும், இணையம் வேண்டும், பயமில்லாமல் எழுத ஆங்கிலம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மிச்சம் நேரம் வேண்டும். உழைப்பைக் காட்டுபவர் மேலே வருவார் என்பார்கள். தகுதி என்ற சொல்லை நாம் கேட்காத இடமா? கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பவரிடம், வாசல் வரை வர யாருக்கு வண்டி இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. தலித் தலைவர்கள் பதவியேற்றார்கள். அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியதை இன்றும் சொல்வார்கள். அதே மூச்சில், பத்து ஆண்டுகள் விடாமல் போராடிய தலித் இயக்கங்களையும் இடதுசாரிகளையும் மனித உரிமை அமைப்புகளையும் சொல்ல வேண்டும். நல்ல அதிகாரி ஒருவர் வந்ததால் மட்டும் அது நடக்கவில்லை. பதவிக்கு வந்த பிறகும் போராட்டம் முடிவதில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது.

தோழர்களே, கல்லூரிப் பேரவை, தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், மென்பொருள் குழு, நம்முடைய சொந்த இயக்கம் என எந்தத் தேர்தலானாலும் முடிவைப் பார்ப்பதற்கு முன் மனுப் பட்டியலைப் பாருங்கள். யார் பெயர் அதில் இருக்கிறது? யார் பெயர் ஒருபோதும் வருவதில்லை? ஏன்? பயமா, பட்டினியா, நேரமின்மையா, மொழியா? காரணம் எதுவோ அதற்குத்தான் மருந்து தேட வேண்டும். நம் இயக்கக் கூட்டங்களை ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் ஏன் பொறுப்புக்கு வருவதில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அடுத்த முறை ஒரு பொறுப்புக்குப் பெயர் கேட்டால் கை தூக்குங்கள். தோற்றாலும் பரவாயில்லை. மேலவளவில் ஆறு பேர் உயிரைக் கொடுத்தது, நம்மில் ஒருவர் மனு போடுவது சாதாரணச் செய்தியாக மாற வேண்டும் என்பதற்காகவும்தான்.