திருத்திய பின்னரும் பழைய பக்கம் தெரிவது ஏன்?

வெள்ள எச்சரிக்கைச் செய்தியில் இருந்த பிழை திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் வாசகரின் கைபேசியில் பழைய பக்கமே தெரிகிறது. உலாவி முன்பு பெற்ற பிரதியைச் சேமித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். அந்தப் பிரதியை எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதை, பக்கத்துடன் வழங்கி அனுப்பும் தலைப்புக் குறிப்புகள் தீர்மானிக்கின்றன.

இவற்றில் முதன்மையானது 1997 இல் எச்.ரி.ரி.பி. 1.1 நெறிமுறையுடன் வந்த 'கேஷ்-கன்ட்ரோல்'. அதில் 'மக்ஸ்-ஏஜ்=600' என்றிருந்தால், 600 செக்கன்கள், அதாவது 10 நிமிடங்கள் வரை, உலாவி வழங்கியிடம் கேட்காமலே சேமித்த பிரதியைக் காட்டலாம்.

'நோ-கேஷ்' என்பதைச் சேமிக்கத் தடை எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சேமிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வழங்கியிடம் சரிபார்த்த பின்னரே காட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். சேமிக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்' உண்டு. வங்கிக் கணக்குப் பக்கங்களுக்கு அதுவே பொருத்தமானது.

சரிபார்ப்புக்கு உதவுவது 'ஈ-டக்' எனும் அடையாளக் குறி. பக்கம் மாறவில்லை எனில் வழங்கி 304 என்ற சிறு பதிலை மட்டும் அனுப்பும், டேட்டா மிச்சமாகும். மாறியிருந்தால் புதிய பக்கம் முழுமையாக வரும்.

கால எல்லை எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், உலாவி தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளலாம். அவசரச் செய்தி வெளியிடும் தளங்கள் அந்த முடிவை ஊகத்திடம் விட்டுவிடக்கூடாது.