காலணாத் தபாலும் காணாமற்போன இதழ்களும்

தமிழில் பத்திரிகை வரலாறு எழுதுகிற பேராசிரியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. 1882-ல் சுதேசமித்திரனில் ஏறி உட்கார்ந்தால் இந்தியா, நவசக்தி, குடிஅரசு, மணிக்கொடி என்று நேராகப் போய் இறங்குவார்கள். சேரிப் பக்கம் ஒரு ஸ்டேஷன் இருந்ததே தெரியாத மாதிரி வண்டி நிற்காமல் போகும். ஆனால் சுதேசமித்திரனுக்குப் பதிமூன்று வருடம் முன்பே, 1869-ல் ‘சூரியோதயம்’ வந்துவிட்டது. 1871-ல் ‘பஞ்சமன்’. 1885-ல் ஜான் ரத்தினம் நடத்திய ‘திராவிட பாண்டியன்’. முதலிரண்டும் வந்தன என்பதே பிறர் எழுதி வைத்த குறிப்புகளால்தான் நமக்குத் தெரிகிறது.

இந்த இதழ்களின் கருத்துகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேசட்டும். நான் எழுத நினைப்பது வேறு. ஒரு இதழ் கொண்டுவந்துவிட்ட பிறகு அடுத்ததையும் கொண்டுவர என்ன பாடு படவேண்டும் என்பதை. காகிதம், அச்சுக்கூலி, தபால், வராத சந்தா, வருகிற வசவு. வரலாற்றில் இதையெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் நம் இதழ்கள் செத்தது எதிரியின் கருத்தால் அல்ல, பெரும்பாலும் இதனால்தான்.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ தொடங்கினார். நான்கு பக்கம், மாதம் ஒருமுறை, விலை இரண்டணா. முதல் இதழுக்கு விளம்பரத்தோடு சேர்த்துப் பத்து ரூபாய் செலவு என்று தன் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் (1939) அவரே கணக்குச் சொல்கிறார். கணக்கர் வேலை பார்த்தவர் அல்லவா, தொகை மறக்கவில்லை. சென்னையில் இரண்டு நாளில் நானூறு பிரதி விற்றது. மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகை ஆக்கினார். இரண்டு வருடம் கழித்துச் சொந்த அச்சுக்கூடம். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. 1896-ல் பத்திரிகையில் வந்த எழுத்துக்காக ஆசிரியரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். நூறு ரூபாய் அபராதம். முதல் இதழின் செலவைப் போல் பத்து மடங்கு. 1867-ம் வருடச் சட்டப்படி அச்சிடுகிறவரும் வெளியிடுகிறவரும் மாஜிஸ்ட்ரேட் முன்னால் பெயர், ஊர் கொடுத்து உறுதி சொல்லியிருக்க வேண்டும். யார் எழுதினாலும் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு. 1910 பத்திரிகைச் சட்டம் வந்தபிறகு புதிதாக அச்சுக்கூடம் வைக்கிறவரிடம் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஜாமீன் கேட்கலாம் என்றானது. காலணாவுக்கு இதழ் விற்கிறவன் ஐந்நூறு ரூபாய்க்கு எங்கே போவான்?

வெளியிலிருந்து வந்த தொல்லை இது. உள்ளேயிருந்து வந்தது பெயர்ச் சண்டை. ஏன் ‘பறையன்’ என்று பெயர் வைத்தாய் என்று நம்மவர்களே கேட்டார்கள். இழிவென்று சொல்லப்படுகிற பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, பெயரைச் சொல்லியே எழுந்து நிற்கவேண்டும் என்பது சீனிவாசன் கட்சி. அந்தப் பெயரே மேலே இருப்பவன் சுமத்தியது, நாம் பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்பது அயோத்திதாசர் கட்சி. இருவரும் உறவுக்காரர்கள், சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். வீட்டுச் சாப்பாட்டில் சேர்ந்து உட்கார்ந்து பத்திரிகையில் பிரிந்து நின்றார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். இன்றைக்கும் நம் கூட்டங்களில் பேனர் எழுதும்போதே இந்தச் சண்டை ஆரம்பிக்கிறது, பத்து மணி கூட்டம் பன்னிரண்டுக்குத் தொடங்குகிறது. நூற்றிமுப்பது வருடச் சண்டை. அதை அற்பம் என்று தள்ள எனக்கு மனசில்லை. ஆனால் அதைத் தீர்த்துவைக்கிற வேலை எப்போதும் இதழ் நடத்துகிறவன் தலையில் விழுகிறது, அதுதான் வேதனை.

1900-ல் சீனிவாசன் லண்டன் போகிற நோக்கத்தோடு கப்பலேறினார், கடைசியில் தென்னாப்பிரிக்காவில் போய் வேலைக்கு அமர்ந்தார். ‘பறையன்’ நின்றுபோனது. ஏழு வருடம் நடந்த இதழை எடுத்து நடத்த ஒரு ஆள் இல்லை.

அம்பேத்கருக்கும் இதே கதைதான். 1920 ஜனவரி 31-ல் ‘மூக்நாயக்’ வந்தது. கோலாப்பூர் சாகு மகாராஜா இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். திலகரின் கேசரியிடம் ‘விளம்பரம் போடுங்கள், காசு தருகிறோம்’ என்று கேட்டார்கள். காசுக்குக்கூட மாட்டேன் என்றார்கள். அந்த ஜூலையிலேயே படிப்பை முடிக்க அம்பேத்கர் லண்டன் போனார். 1923-ல் இதழ் நின்றது. பிறகு 1927-ல் ‘பகிஷ்கிருத் பாரத்’ தொடங்கியபோது ஏறக்குறைய எல்லாப் பத்திகளையும் அவரே எழுதவேண்டியிருந்தது. பாரிஸ்டர், பேராசிரியர், மகாத் போராட்டத்தை நடத்துகிறவர், ராத்திரியில் உட்கார்ந்து பத்தி நிரப்புகிறார். அதுவும் 1929-க்கு மேல் ஓடவில்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். சென்னையையும் மேற்குக் கடற்கரையில் பேப்பூரையும் இணைத்த ரயில்பாதை 1862-ல் முடிந்தது. அதில் ஜோலார்பேட்டை தாண்டி, திருப்பத்தூர் தாண்டி, சேலத்துக்கு முன்னால் மொரப்பூர். அப்போது எல்லாம் சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல். 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் விட்டார்கள், 1913-ல் அது ஓசூர் வரை போனது, 1941-ல் யுத்த காலத்தில் நிறுத்தித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்துச் சனங்கள் பஞ்சத்துக்கும் பண்ணையாளுக்கும் தப்பிப் போன இடம் கோலார் தங்கவயல். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பத்தில் இறங்கினால் பாதாளத்தில் வேலை, கையில் கூலி. எங்கள் காலனியில் ‘கோலாருக்குப் போன குடும்பம்’ என்று இன்றைக்கும் சில வீடுகளுக்கு அடையாளம் இருக்கிறது.

அந்தக் கூலியிலிருந்துதான் அயோத்திதாசரின் பத்திரிகைக்கு உயிர் வந்தது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ். நான்கு பக்கம், விலை காலணா. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் ஐம்பத்திரண்டு வாரம், ஐம்பத்திரண்டு காலணா, மொத்தம் பதிமூன்று அணா. ஒரு ரூபாய்கூட இல்லை. இதில் பதிவுபெற்ற பத்திரிகைக்கு அன்றைக்கு இருந்த குறைந்தபட்சத் தபால் கட்டணமும் காலணாதான். இதழின் விலை எவ்வளவோ அவ்வளவு தபாலுக்கு! ஒரு ஊருக்குப் பத்து பேர் சந்தா கட்டினால் ஒரே கட்டாக அனுப்பிச் சமாளிக்கலாம். ஒற்றை ஆள் இருக்கிற ஊருக்கு அனுப்பினால் நஷ்டம். அப்படியும் அனுப்பினார். ‘ஒரு பைசா’ என்று தலைப்பில் இருப்பது கௌரவமாக இல்லை என்று வாசகர்கள் எழுத, 1908 ஆகஸ்ட் 26 முதல் வெறும் ‘தமிழன்’ ஆனது. பெயரை மாற்றச் சொல்லி எழுத வாசகர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. பாக்கிச் சந்தாவை அனுப்ப எத்தனை பேருக்கு நேரம் இருந்ததோ.

சந்தா கட்டினாலும் இதழ் கைக்கு வரவேண்டுமே. பொதுவழி, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதிலும் நுழைய நம்மவர்களைத் தடுக்கக்கூடாது என்று 1924-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அதே இரட்டைமலை சீனிவாசன்தான். 1924-ல் அப்படி ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்றால் 1907-ல் அக்கிரகாரத் தெருவுக்குள் இருந்த தபாலாபீசில் நம் தாத்தன் எப்படிப் போய்ப் பத்திரிகை வாங்கியிருப்பான்? ரயிலடியும் தங்கவயலும் நமக்கு முக்கியமானதற்கு இதுவும் காரணம். அங்கே தபால் வாங்க அக்கிரகாரத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

1914 மே 5-ல் அயோத்திதாசர் இறந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்சகாலம் இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு 1926-ல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ பத்திரிகையை மறுபடி கொண்டுவந்தார். சென்னையில் முடியாதது சுரங்கத்து மேட்டில் முடிந்தது.

சிற்றிதழ் நடத்துகிற கஷ்டம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. தொண்ணூறுகளில் மொரப்பூரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். டிரெடில் மிஷினில் அச்சு. கம்போசிட்டர் ஒரு பெரியவர், எழுத்துக் கோர்க்கும்போதே திட்டுவார். “ஏம்ப்பா, பக்கத்துக்கு இத்தனை ‘ற்ற’ வந்தா நான் எழுத்துக்கு எங்க போவேன்? கேஸ்ல இல்ல. வேற வார்த்தை போடு.” ‘ஒடுக்குமுறைக்கு எதிரான’ என்று எழுதினதை ‘அடக்குமுறை’ ஆக்கினதற்கெல்லாம் சித்தாந்தக் காரணம் ஒன்றும் இல்லை, எழுத்துப் பற்றாக்குறைதான். ஒரு பாரம் அச்சாகி எழுத்தைக் கலைத்துத் திரும்பக் கேசில் போட்டால்தான் அடுத்த பாரம். அதற்குள் ஒரு தோழர் கட்டுரையை மாற்றி எழுதிக்கொண்டு வந்து நிற்பார். முந்நூறு பிரதி. புக் போஸ்ட்டில் போட்டால் முப்பது திரும்பி வரும். சந்தா தரச்சொல்லிக் கேட்டால் “இயக்கத்துக்குக் காசு கேக்கறியா?” என்பார்கள். இதழ் வரத் தாமதம் என்றால் அதே ஆள் முதலில் வந்து சண்டை போடுவார்.

கம்ப்யூட்டர் வந்ததும் விடிந்துவிட்டது என்று நினைத்தோம். கடைசி நான்கு இதழ்களை ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்தோம். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. சென்னையில் 1999-ல் மாநாடு கூட்டித் தாம், தாப் என்று தரப்படுத்திப் பார்த்தார்கள். யூனிகோடில் தமிழ் 1991-லிருந்தே இருந்தும் தமிழக அரசு அதை ஏற்றது 2010-ல். இடையில் அடித்ததெல்லாம் என்ன ஆனது? எங்கள் பிளாப்பியை ஒருவழியாகத் திறந்து பார்த்தபோது திரையில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, கொக்கியும் புள்ளியுமாக என்னவோ ஓடியது. ஈயத்து எழுத்தாவது கையில் எடுத்தால் படிக்க வந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2012 நவம்பர் 7-ல் எங்கள் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். இருநூற்றைம்பதுக்கு மேல் வீடுகள். பீரோவை உடைத்து நகை, பணம் எடுத்தபிறகு கொளுத்தியிருந்தார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் சாம்பல். நாங்கள் போய் உட்கார்ந்து பெண்கள் சொன்னதைப் பதிவு செய்தோம். “எழுதிக்கோ தம்பி, எழுதிக்கோ, நாளைக்கு நாங்களே கொளுத்திக்கிட்டோம்னு சொல்லுவானுங்க” என்றார் ஒரு அம்மா. எழுதி இணையத்தில் ஏற்றினோம். அன்று ராத்திரியே வசவு ஆரம்பித்தது. சாதிப் பெயர் சொல்லி, வீட்டுப் பெண்களைச் சொல்லி. ஒவ்வொன்றையும் படித்து நீக்குவதற்கு ஒருத்தன் வேண்டும். அந்தப் பையன் மூன்று மாதம் அதைச் செய்தான். பகலில் செங்கல் சூளை, ராத்திரியில் இது. ஒருநாள் “அண்ணா, என்னால முடியல, சாப்பாடு எறங்க மாட்டேங்குது” என்றான். நாங்கள் யாரும் அவனை மாற்றிவிடவில்லை.

பிறகு அவன் திருப்பூர் போய்விட்டான். கடவுச்சொல் அவனிடம், நம்பர் மாறிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை கட்டவேண்டிய பணத்துக்கு நினைவூட்டல் போனது அவனுடைய பழைய மின்னஞ்சலுக்கு. கட்டவேண்டும் என்று எனக்குத் தெரிந்தபோது எல்லாம் அழித்தாகிவிட்டது. கேட்டதற்கு, கெடு முடிந்தபின் வைத்திருப்பதில்லை என்று இரண்டு வரி பதில். குற்றம் எங்களுடையதுதான். சீனிவாசன் கப்பலேறினார், ‘பறையன்’ நின்றது. எங்கள் தம்பி திருப்பூர் பஸ் ஏறினான், அந்த அம்மா சொன்னது போயிற்று. பணக்காரன் இடத்திலும் இப்படி ஆகும் என்பது உண்மைதான். யாஹூவின் ஜியோசிட்டிஸ் 2009-ல் மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் போயின, யாஹூ குழுமங்கள் 2020-ல் போயின. ஆனால் அவர்கள் கதையைச் சொல்ல வேறு நூறு இடம் இருக்கிறது. நமக்கு ஏது?

‘தமிழன்’ எப்படித் தப்பியது என்று யோசிக்கிறேன். நூலகம் காப்பாற்றவில்லை, பல்கலைக்கழகம் காப்பாற்றவில்லை. அன்பு பொன்னோவியம் சேர்த்து வைத்திருந்தார். திருப்பத்தூரில் தி.பெ. கமலநாதன் வைத்திருந்தார். இந்த மாதிரி ஆட்கள் வீட்டில் வைத்துக் காத்ததைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுத்தார், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் வெளியிட்டது. 2017-ல் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி ஒரு நூலே எழுதினார். மொரப்பூரிலிருந்து ரயிலேறினால் திருப்பத்தூர் ஒன்றும் தூரமில்லை. நான் பத்திரிகை நடத்திய வருடங்களில் அங்கே அப்படி ஒரு சேகரம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் இதழையும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

இப்போது எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. நத்தத்தில் எழுதிய நோட்டுகளில் இரண்டு கிடைத்தன, மூன்றாவது இல்லை. இரண்டையும் ஜெராக்ஸ் போட்டு மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம். சிற்றிதழில் முதல் மூன்றும் ஐந்து முதல் பதினொன்று வரையும் இருக்கின்றன. நான்காவது இதழ், பச்சை அட்டை, எங்களிடமே இல்லை. இதைப் படிக்கிற தோழர்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், தபாலில் தொலையும். சொல்லி அனுப்புங்கள், நானே வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன்.