பாண்டிய நாட்டுப் பரிகள் மடிந்த வரலாறு

நமது சமயநல்லூரை அடுத்துள்ள தேனூரிலேதான் கள்ளழகர் முற்காலத்தில் வையையாற்றில் எழுந்தருளினார் என்றும், திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் அவ்விழா மதுரைக்கு மாற்றப்பெற்றது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்றும் சித்திரைத் திருவிழாவில் அழகர் தங்கக் குதிரைமீது ஆற்றில் இறங்குங் காட்சியைக் கண்டு கைகுவியாதார் இலர். ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. நம் குலத்தாரும் கூடிய இடமெல்லாம் முன்னோர் பரியேறிப் போர்புரிந்த பெருமையைப் பேசுகின்றனர். பேசுக, அதில் குற்றமில்லை. ஆயின் அப்பரிகள் எங்ஙனம் பேணப்பட்டன என்று வினவினார் நம்முள் மிகச் சிலரே.

எமக்கு அவ்வினாவை எழுப்பியவன் ஒரு மாணாக்கன். நரி பரியான திருவிளையாடலை வகுப்பில் யாம் உரைத்துக்கொண்டிருந்தபொழுது, "ஐயா, நரிகள் காட்டுக்கு ஓடிவிட்டன, பாண்டியர் பொன் கொடுத்து வாங்கிய மெய்க்குதிரைகள் என்னவாயின?" என்றான். உடனே விடைகூற எம்மால் இயலவில்லை. பின்னர்த் தேடிக் கண்டதனை ஈண்டு எழுதுகின்றோம்.

கடல்வழியே குதிரை வருதல் தமிழகத்திற்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கலத்தில் வந்த புரவிகளைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட நாளில், இவ்வாணிகம் உச்சநிலை எய்தியது. பாரசீகச் சரித்திர ஆசிரியராகிய வஸ்ஸாப், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களினின்று ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் தென்னாட்டுத் துறைகளுக்கு வந்தன என்றும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்றும் எழுதியுள்ளார். கணக்கிட்டால் 22 இலக்கம் தினாராகும். வழியிற் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்தனராம்! வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292-ஆம் ஆண்டையொட்டி இந்நாட்டிற்கு வந்து, ஆர்மசு, ஏடன் முதலிய இடங்களினின்று குதிரையேற்றிய கப்பல்கள் தாமிரபருணி முகத்துக் காயலில் வந்து தங்குவதைக் குறித்துள்ளார்.

இத்துணைப் பொன் ஆண்டுதோறும் வெளியேறியது எதனால்? வந்த குதிரைகள் நிலைக்காமையால். அரசர் ஒருவர் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினும், ஆண்டின் முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை என்பர் மார்க்கோ போலோ. இதனை அப்படியே கொள்ளுதல் தகாது. 1311-ஆம் ஆண்டில் மாலிக்காபூர் இந்நாட்டினின்று 5,000 குதிரைகளைக் கொண்டுசென்றான் என அமீர் குஸ்ரு கூறுதலின், எல்லாம் மாண்டன என்பது மிகையேயாம். எனினும் நேரிற் கண்ட வெனிஸ் வணிகரும், கேட்டெழுதிய பாரசீகரும் பேணுமுறை பிழையென்பதில் ஒன்றுபடுகின்றனர்.

பிழை யாது? குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுத்தனர் என்பது மார்க்கோ போலோவின் கூற்று. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர். கொழுக்கவேண்டி 40 நாள் முளையிற் கட்டிவைத்துப் பின்பு பழக்காமலே ஏறி விரட்டினர் என்பது வஸ்ஸாபின் கூற்று. இவற்றுள் அன்பில்லை என்று யார் சொல்வார்? விருந்தினர்க்கு இடுவதையெல்லாம் குதிரைக்கும் இட்டனர் நம் முன்னோர். அறிவுதான் உடன் செல்லவில்லை.

இற்றைக் கால்நடை மருத்துவம் இதன் காரணத்தை விளக்குகின்றது. குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறிது. நாள் முழுதும் சிறுகச் சிறுகப் புல் மேய்தற்கென அமைந்தது. புல்லின் நாரைச் செரிப்பது பின்குடலிலுள்ள நுண்ணுயிர்கள். மாப்பொருள் மிகுந்த உணவு ஒருங்கே சென்று அங்கே புளிக்குமாயின் வயிற்றுச் சூலை உண்டாம். குளம்பினுள் அழற்சி தோன்றி எலும்பே நிலைபெயரும். குதிரைக்கு வாந்தியெடுக்கவும் இயலாது. வளர்ந்த குதிரையின் குடல் பாலுக்கு ஏற்றதன்று. பலநாள் தீனியுண்டு சும்மா நின்றதனைத் திடீரென ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதையும். மேலும், குளம்பு திங்கட்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை செதுக்கித் திருத்தாவிடின் நடை கெடும். ஆகவே தட்பவெப்பமும் ஈக்களால் பரவும் நோய்களும் ஒருபுறமிருக்க, தொழுவத்திலேயே பாதிக் கேடு விளைந்தது.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. லாடம் கட்டிக் குளம்பு பேணும் தொழிலாளர் இங்கில்லை என்றும், குதிரை வணிகர் அவர்களைத் தாமும் அழைத்துவாரார், பிறர் வரவும் விடார் என்றும் மார்க்கோ போலோ எழுதுகின்றார். குதிரை நெடுநாள் வாழ்ந்தால் வாணிகம் குறையுமன்றோ! பொருளை விற்றவர் அதனைப் பேணும் அறிவை ஒளித்தனர்; பொன்னைக் கொட்டியவர் அவ்வறிவைக் கேட்டுப் பெறவில்லை. குதிரை நூல்கள் இந்நாட்டில் இல்லாமலில்லை. நகுலர் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகாலார் 1952-இல் அச்சிட்டனர். ஏட்டிலுள்ள அறிவு இலாயத்திற்கு வந்து சேரவேண்டும். அதற்குக் கைத்தொழிலாளனை மதிக்கும் மனம் வேண்டும்.

சங்கத்து அன்பர்காள்! இக்கதை குதிரையோடு முடிவதன்று. நம் சாலைகளில் பந்தயத்திற்காகத் தார்மீது ஓட்டப்படும் குதிரையை இன்றும் காண்கின்றோம். அதன் வேகத்தைப் புகழ்வோர் பலர். ஓடி நின்றபின் குளம்பைத் தூக்கிப் பார்ப்போர் சிலர். நம் வீட்டுப் பிள்ளை கால்நடை மருத்துவமோ லாடத் தொழிலோ கற்க விரும்பினால், "இதுவும் ஒரு தொழிலா?" என்று முகஞ்சுளிக்காதீர். அச்சுளிப்பிற்குப் பாண்டியர் கொடுத்த விலை, குதிரை ஒன்றுக்கு 220 பொன். மண்குதிரைக்கு நீரும் புல்லும் வேண்டா; உயிர்க்குதிரைக்கு வேண்டும். முன்னோர் ஏறிய பரியைப் பாடுமுன், நம் எதிரே நிற்கும் பரிக்குத் தண்ணீர் காட்டுவோமாக.