பட்டியலிலிருந்து விழுந்த பயம்

1938 அக்டோபரில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து டொனால்ட் என்ற ஐந்து வயதுச் சிறுவனைப் பெற்றோர் பால்டிமோருக்கு அழைத்து வந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானருக்கு அவனுடைய அப்பா முன்கூட்டியே 33 பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். பகலில் தூங்கி எழுந்தால் அவன் சும்மா கட்டிலை விட்டு இறங்கமாட்டான். 'இறங்க வேண்டுமா?' என்று அம்மா கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதையும் அவனே சொல்லித் தருவான். அவள் கேட்டதும், அடுத்து 'சரி' என்று சொல்லச் சொல்வான். சொல்லாவிட்டால், சொல்லும்வரை கத்தல்தான்.

டொனால்ட் உட்பட 11 குழந்தைகளைப் பற்றிக் கானர் 1943இல் எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக உலகுக்கு அறிமுகமானது. எதுவும் மாறக்கூடாது என்ற அந்தக் குழந்தைகளின் பிடிவாதத்துக்கு அடியில் பதற்றம் இருப்பதை அவர் அப்போதே குறித்துவைத்தார். வேக்குவம் கிளீனர், லிஃப்ட், மூன்று சக்கர சைக்கிள், குழாயில் ஓடும் தண்ணீர், சில சமயம் காற்றுகூட அவர்களை மிரளவைத்தது. அதே குழந்தை தானே பெரிய சத்தம் போட்டு மகிழ்ந்து விளையாடும். ஆகவே பயம் சத்தத்தின் மீதல்ல, கேட்காமல் தன் உலகத்துக்குள் நுழைவதன் மீது என்றார் கானர்.

இவ்வளவு தெளிவாகத் தொடங்கிய கதை அடுத்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தடம் மாறியது. பாசம் காட்டாத தாய்மார்களே காரணம் என்ற பேச்சு வலுத்தது. கானரின் எழுத்தும் அதற்கு இடம் கொடுத்தது. சிகாகோவின் உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். குழந்தை எதற்கு அஞ்சுகிறது என்பதைவிட அம்மா என்ன தவறு செய்தாள் என்பதுதான் சிகிச்சை அறைகளில் விசாரிக்கப்பட்டது. ஆட்டிசம் கொண்ட மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட் தாயைப் பழிக்கும் இந்தப் பேச்சை 1964இலேயே மறுத்து எழுதியிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்து, மரபுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள்.

பழி நீங்கியது. ஆனால் பயம் என்னவாயிற்று?

1961இல் லண்டனில் மில்ட்ரெட் கிரீக் தலைமையிலான குழு இத்தகைய குழந்தைகளை இனங்காண வகுத்த ஒன்பது அடையாளங்களில், காரணம் புலப்படாத கடும் பதற்றமும் ஒன்று. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்மின், 1980இல் வெளியான மூன்றாம் பதிப்பும், ஆட்டிசத்தை ஒட்டிய ஒரு பிரிவில் திடீர்ப் பதற்றத்தைச் சேர்த்தது. 1987இல் திருத்தியபோது அந்தப் பிரிவே போயிற்று; பதற்றமும் அதோடு போயிற்று. 1994 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. பொதுப் பதற்றக் கோளாறு ஆட்டிசத்தின் போக்கில் மட்டுமே தென்பட்டால் அதைத் தனி நோயாகக் கணக்கிட வேண்டாம் என்றது.

இது வெறும் காகித விவகாரம் அல்ல. 1982இல் ஸ்டீவன் ரைஸும் சக ஆய்வாளர்களும் கடும் பயத்தால் முடங்கிய ஒருவரின் விவரத்தை உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். அவருக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு உண்டு என்று சொல்லப்பட்டபோது, அதே பயத்தைச் சிகிச்சைக்குரிய கோளாறாகப் பார்த்தவர்கள் குறைந்தார்கள். பெரிய பெயர் ஒன்று ஒட்டிவிட்டால் மற்றதெல்லாம் அதன் நிழலில் மறைந்துபோகும். ஆட்டிசக் குழந்தைகளுக்கும் நேர்ந்தது இதுதான்.

பிறகு, ஆட்டிசக் குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பதற்றம் உண்டு என்று ஆய்வாளர்கள் எண்ணத் தொடங்கினார்கள். 2008இல் எமிலி சைமனாஃப் குழு பிரிட்டனில் 112 குழந்தைகளைப் பரிசோதித்தது. 29 சதவீதத்தினருக்குச் சமூகப் பதற்றக் கோளாறு. 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 31 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 2,121 இளையோர். சுமார் 40 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறு. 2014இல் கோனர் கெர்ன்ஸ் குழு 59 குழந்தைகளைப் பார்த்தபோது இன்னொன்று புலப்பட்டது. சிலருடைய பதற்றம் எந்தப் பாடநூலிலும் அடங்கவில்லை: சிறு மாற்றத்தை எண்ணி முன்கூட்டியே நடுங்குவது, யாரும் அஞ்சாத பொருளுக்கு அஞ்சுவது. முதல் கட்டுரையில் இருந்த அதே பயங்கள்தான்.

சிகிச்சையும் கூடவே வந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கேட் சோஃப்ரனாஃபும் டோனி ஆட்வுட்டும் 2005இல் 71 குழந்தைகளிடம், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறையைச் சுருக்கமான பயிற்சியாகச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் பதற்றம் குறைந்தது. பெற்றோரும் கலந்துகொண்டபோது பலன் கூடியது. 2020இல் ஜெஃப்ரி வுட் குழு 167 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஆட்டிசத்துக்கு ஏற்ப மாற்றிய சிபிடி வழக்கமான சிபிடியை விஞ்சியது.

அடம், கத்தல், பள்ளிக்குப் போக மறுப்பது எல்லாம் ஆட்டிசத்தோடு வருவதுதான் என்று யாராவது சொன்னால், பெற்றோர் அதோடு விட்டுவிடத் தேவையில்லை. குழந்தைக்குப் பதற்றம் உண்டா என்று தனியாகப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.